பேர் வாங்காத மிஷின்

குதிரைகள் நகர மாட்டேன் என்றன. அதில்தான் ஆரம்பித்தது.

காலையிலிருந்து மேற்கு வயலின் ஓரத்தில், அறுப்பு இயந்திரத்தின் முன்னால், எட்டும் பூட்டியபடியே நின்றன. ஆல்வின் நோஸ்கே இருக்கையில் உட்கார்ந்து அதட்டிப் பார்த்தான், நாக்கைச் சொடுக்கிப் பார்த்தான், கடிவாள வாரால் முதுகில் தட்டியும் பார்த்தான். அவன் தம்பி பென்னோ முன்னால் போய், கூட்டத்தில் மூத்தவளான பிளாசம் என்ற பெட்டைக் குதிரையின் தாடையைப் பிடித்து இழுத்துத் தொங்கினான். ஒரு காதுகூட அசையவில்லை. அவிழ்த்து வேறு வண்டியில் கட்டினால் நல்ல பிள்ளைகளாக இழுத்தன. இதில் கட்டினால் மட்டும் நின்றன. வெயில் ஏறி, கதிர் மொறமொறவென்று காய்ந்து, அறுப்புக்குப் பதமான நேரம் வந்து, வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

எல்சி சமையலறையில் குளிர்ந்த ஆட்டுக்கறியைச் சீவித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. கணவனின் கழுத்து சிவந்து வருவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசியில் அவன் தோற்றுப்போய், வீட்டைப் பார்த்துத் திரும்பி, கையைக் குவித்துக் கத்தினான்.

"எல்சி! டீயாவது கொண்டா!"

எட்டுக் கழுத்தும் ஒன்றாகத் தாழ்ந்தன. சங்கிலிகள் இறுகின. இயந்திரம் ஒரு முனகலோடு புறப்பட்டது. ஆல்வின் கீழே விழாமல் பிடித்துக்கொண்டதே பெரிய காரியம். கொஞ்ச தூரம் போய்த் தானாகவே நின்றன.

பென்னோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னொரு வாட்டி கூப்பிடுண்ணே! அண்ணிக்குத்தான் இதுங்க பயப்படுது!"

ஆல்வின் கூப்பிட்டான். இந்தத் தடவை வீட்டைப் பார்த்து இல்லை, குதிரைகளைப் பார்த்து. உடனே நகர்ந்தன. பென்னோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

எல்சி டீ வாளியும் கறித்தட்டுமாக வயலுக்குப் போனபோது அண்ணனும் தம்பியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிட்டே வந்ததும் இருவரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அவளுக்கு அப்போது பயம் வரவில்லை. இவர்களுக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

இந்த வாண்டிலா ஊர்ப்பக்கத்து ஆட்கள் இயந்திரங்களைக் கடைக்காரன் வைத்த பெயரால் கூப்பிடுவதில்லை. துறைமுகத்தில் பிறந்து வளர்ந்த எல்சி கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், கொட்டகையில் தீவனம் வெட்டும் இயந்திரத்தின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் எர்ன் என்றும், வைக்கோல் வாரியில் மின்னா என்றும், புதர் நசுக்கும் உருளையில் கஸ்டாவ் என்றும் எழுதியிருந்ததைப் பார்த்து, நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல் செல்லமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆல்வினின் அக்கா செல்மாவிடம் கேட்டும்விட்டாள்.

"எர்ன்னா யாரு?"

செல்மா கையில் எண்ணெய்க் குப்பியோடு தீவன இயந்திரத்தின் பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "எனக்குப் பாத்திருந்த மாப்பிள்ள. மொதல்ல கை மாட்டுச்சு. அப்புறம் தோளு. இப்ப யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான், நீ தாராளமா தொட்டுப் பாக்கலாம்."

எல்சி தொடவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் தொட்டார்கள். யாரைக் கொன்றதோ அவர் பெயரை இயந்திரத்துக்கு வைத்துவிட்டால், அதோடு அதன் பசி அடங்கிவிட்டது என்பது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைவிடப் பெரிய நம்பிக்கை. பேர் வாங்கின மிஷின் மறுபடி கடிக்காது என்பார்கள். ஏலத்தில் அதற்குத்தான் போட்டி. குழந்தைகள் மின்னாவின் பற்களில் ஊஞ்சலாடின, தாய்மார்கள் பார்த்துக்கொண்டு பின்னல் போட்டார்கள். பேர் வாங்காத புது இயந்திரத்தின் பக்கத்தில்தான் எல்லாருக்கும் தொடை நடுங்கும். சட்டைக் கையைப் பொத்தான் போட்டு இறுக்கி, பக்கவாட்டில் ஒதுங்கித்தான் கிட்டே போவார்கள். அது யாருக்கோ காத்திருக்கிறது, அந்த யாரோ நாமாக இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் வேண்டுதல்.

இந்த அறுப்பு இயந்திரம் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரயிலில் வந்தது. முன்னால் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் நீள இரும்புச் சீப்பு கதிர்களைக் கழுத்தோடு வாரி உள்ளே தள்ளும். உள்ளே சுழலும் உருளை அடித்து மணியைப் பிரிக்கும். குதிரை நடந்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் எல்லாம் சுற்றும். இரண்டு அறுவடை முடிந்தும் அது ஒரு விரலைக்கூடத் தொடவில்லை. அதனால் பயம் கூடிக்கொண்டே போனது. சீப்பில் கதிர்த்தாள் சிக்கினால், பென்னோ கழியை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் குத்தி எடுப்பான்.

அன்று சாயங்காலம் எல்சி துணி எடுக்க வெளியே வந்தாள். வேலை முடிகிற நேரம். பென்னோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெறுங்கையைத் தோள்வரை சீப்புக்குள் விட்டு, சிக்கிய தாளை அள்ளி அள்ளி வெளியே போட்டான். போட்டபடியே சீட்டி அடித்தான்.

அவள் கையிலிருந்த துணி புழுதியில் விழுந்தது. இப்போது புரிந்தது: அது யாருக்குக் காத்திருக்கிறது என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. செல்மாவுக்கு அவள் 'இந்தா' ஆனாள். ஆல்வின் தொண்டையைக் கனைத்துவிட்டு அவள் பக்கம் பார்த்துப் பேசினான். பெயர் வயலில்தான் கேட்டது. பனி உலர்ந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும், ஈக்களின் ரீங்காரத்துக்கும் உமிப் புழுதியின் தொண்டை அரிக்கும் வாடைக்கும் நடுவே, சங்கிலி குலுங்க, சக்கரம் கரகரக்க, வயலின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அவள் பெயர் போய்வந்துகொண்டே இருந்தது. கிட்டே வரும்போது அதட்டலாக, தூரம் போகும்போது கெஞ்சலாக, காற்று திரும்பினால் யாரோ சமையலறைச் சுவருக்கு வெளியே நின்று கூப்பிடுவதுபோல. முதல் நாள் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடினாள். அப்புறம், தன்னை இல்லை என்று தெரிந்தே எழுந்தாள். மாவு பிசையும் கையோடு, பாதி உரித்த உருளைக்கிழங்கோடு, கால் தானாகவே இரண்டு எட்டு வைத்திருக்கும். மேஜையைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும்.

ராத்திரி ரவிக்கையைக் கழற்றும்போது கழுத்தின் அடியில் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு தோளையும் சுற்றி, அகலமாக, தோல் சிவந்து வழன்றிருந்தது.

மறுநாள் செல்மா அதைப் பார்த்தாள். கொட்டகைக்குப் போய் ஒரு தகர டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"கழுத்துப்பட்ட உரசுற எடத்துக்குக் குதிரைக்குப் போடுறது. நல்லா கேக்கும், போட்டுக்க."

பக்கத்துப் பண்ணையிலிருந்து மிஸஸ் பேட்டன் கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் இதற்கு முன்னால் இந்த வீட்டுக்கு ஒரு பிஸ்கட்டுகூடக் கொண்டுவந்தது கிடையாது.

"ரெண்டா சுட்டேன்மா. ஒண்ணு இப்ப சாப்பிடுங்க. இன்னொண்ணு டப்பாவுல மூடி வையி, கெடாது."

"எதுக்கு ரெண்டு?"

"கூட்டம் வருமில்ல." அவள் எல்சியை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த நீல கவுனு செல்மாவுக்குப் பத்தாது. தோளு அகலம் அவளுக்கு. என் தங்கச்சிக்குன்னா அளவெடுத்த மாதிரி இருக்கும்."

"நான் உடுத்திட்டிருக்கேன்."

"உடுத்துடி கண்ணு, உடுத்து. நான் என்ன இப்பவேவா கேட்டேன்?"

எல்சி இரண்டு கேக்கையும் பன்றிக்குப் போட்டாள். அன்று மத்தியானம் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ரயிலடிக்குப் புறப்பட்டாள். வெறும் மணல் பாதை, இரண்டு பக்கமும் மாலி என்கிற குட்டை யூகலிப்டஸ் புதர், நிழல் என்பதே கிடையாது. வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் கம்பிவேலியில் உட்கார்ந்து கத்தின. எல்லைக் கதவின் கொண்டியைத் தூக்கினாள், அது நன்றாக நினைவிருந்தது, வெயிலில் சுட்ட அந்த இரும்பு. பின்னால் வெகு தூரத்தில் யாரோ கூப்பிட்டார்கள்.

அடுத்து நினைவு வந்தபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் டீக்கெண்டி. பாவாடை முழங்கால்வரை செம்மண்.

"ஊத்து, ஆறுது," என்றாள் செல்மா.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு அவள் கணவனிடம் பேசினாள். வெளியே காற்றாடிப் பம்பு நின்று நின்று கிறீச்சிட்டது. அவன் உடம்பிலிருந்து குதிரை வேர்வையும் கிரீஸும் மணத்தது.

"வேற பேரச் சொல்லிக் கூப்பிடேன்."

"சொல்லாமலா இருப்பேன்? தெரிஞ்ச பேரெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். என் பேரு, பென்னோ பேரு, எங்கம்மா பேரு. கல்லு மாதிரி நிக்குதுங்க."

"என் பேருக்கு மட்டும் போகுது."

"ஆமா."

"அப்ப அறுப்ப நிறுத்து."

"மழ வந்தா கதிர்லயே மொளச்சுப் போயிடும். மொத்தமும் போயிடும். இன்னும் கொஞ்சந்தான். நீ வயப் பக்கம் வராம இருந்தா போதுமில்ல?"

"அது என்னை எடுத்துக்கும்னு உனக்குத் தெரியும்."

அவன் தூங்கிவிட்டான் என்றே நினைத்தாள்.

"யாரையாவது எடுத்துத்தானே ஆகணும்," என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவள் இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன்மேல் அவளுக்கு ஆசை இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். துறைமுகத்தில் பாண்டு வாசித்த ராத்திரி, ஆடும்போது அவள் பூட்ஸை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் முழித்தவன் இவன்தான். அந்த முழிப்பை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தாள். இப்போது அவனுக்கு அவளைவிடக் கோதுமை முக்கியமாகிவிட்டது. அப்படியே இருக்கட்டும், தனக்குத் தன் உயிர் முக்கியம் என்று முடிவு செய்தாள்.

"நீ தூங்கு, நாளைலேர்ந்து குதிரைக்கு நான் தீனி வெக்கறேன்," என்றாள் காலையில். அவன் நன்றியோடு தலையாட்டினான். குற்றமுள்ளவன் எதற்கும் தலையாட்டுவான்.

விடிவதற்கு முன் லாயத்தில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, ஓட்ஸ் தொட்டியில் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, பிளாசத்தின் மூக்குக்கு எதிரே நீட்டி, மெல்லச் சொன்னாள். "ஆல்வின்." ஈரமான உதடுகள் உள்ளங்கையைத் துடைத்துவிட்டுப் போயின. அடுத்த பிடி. "ஆல்வின்." மூத்திர நெடியும் வைக்கோல் சூடும் சேர்ந்த அந்த இருட்டில், குதிரைகள் மென்று அரைக்கும் சத்தத்துக்கு நடுவே, ஜெபம் சொல்வதுபோல ஒவ்வொன்றிடமும் போய் அதே பெயரைச் சொன்னாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சில நாள் கழித்து லாயத்திலேயே சோதித்தாள். ஓட்ஸைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொன்னதும் பிளாசம் ஓர் எட்டு முன்னால் வந்தது. எல்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வடமேற்கில் மேகம் திரண்ட அன்று பென்னோ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போயிருந்தான். செல்மாவுக்குத் தலைவலி, படுத்திருந்தாள். வயலில் ஆல்வின் தனியாக அறுத்துக்கொண்டிருந்தான். பெயர் அவசர அவசரமாகக் கேட்டது. பிறகு நின்றது. சீப்பில் எதுவோ சிக்கிவிட்டது.

எல்சி டீ வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

காற்று விழுந்துபோயிருந்தது. அடிக்கட்டைகள் காலில் குத்தின. வானம் செம்பு நிறமாக, தாழ்வாக, கையெட்டும் உயரத்தில் இருந்தது. ஆல்வின் இயந்திரத்துக்கு முன்னால், சீப்பின் நேர் எதிரே, குனிந்து நின்றான். காட்டு முள்ளங்கித் தண்டுகள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு கையும் தோள்வரை உள்ளே. முதல் இரண்டு வருஷமும் கியரைத் தள்ளிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அதற்கு மேலும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கிட்டே போவான். இப்போது கியர் போட்டபடியே கிடந்தது. அவனுக்கு என்ன பயம்? அது யாருக்கு என்று முடிவாகிவிட்டதே.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பிளாசத்தின் பக்கத்தில் போய் நின்று தாடை வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆல்வின்."

காதுகள் திரும்பின. கால்கள் அசையவில்லை.

"ஆல்வின்!"

எட்டும் நின்றன. பிளாசம் அவள் கையை முகர்ந்தது. ஓட்ஸ் இல்லை என்று தெரிந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான். இத்தனை விடியற்காலையும் வீண். எல்சிக்கு அழுகை முட்டியது.

ஆல்வின் நிமிராமலே கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். புருவமெல்லாம் உமி. பெண்டாட்டி வயலுக்கு வந்திருக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், கோபம் போய்விட்டது என்று நினைத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. பாண்டு வாசித்த ராத்திரி பார்த்த அதே முகம். இத்தனை நாளாகக் கனைத்துக்கொண்டிருந்தவன், மறந்துபோய், ஆசையாக, மெதுவாகத்தான் கேட்டான்.

"என்ன எல்சி?"

சங்கிலிகள் இறுகின.

சீப்பு அவனை அக்குளுக்குக் கீழே ஏந்திக்கொண்டது. உள்ளே உருளை சுற்றத் தொடங்கியது. அவன் அவளைத்தான் கூப்பிட்டான். வேறு யாரைக் கூப்பிடுவான்?

"எல்சி! நிறுத்து, எல்சி!"

ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் குதிரைகள் இன்னும் தலை தாழ்த்தி இழுத்தன. நல்ல குதிரைகள். சொன்னதைக் கேட்கிற குதிரைகள். அவள் கையில் பிளாசத்தின் வார் இன்னும் இருந்தது. இழுத்துப் பிடித்திருக்கலாம். 'ஓ, நில்லு' என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்.

கையை விட்டாள்.

"எல்சி! எல்..."

அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. குதிரைகள் கொஞ்ச தூரம் போய்த் தானாகவே நின்றன. பின்னால் தானியப் பெட்டியில் மணிகள் விழும் சத்தம் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மேகம் தெற்கே போய்விட்டது. நாலு துளிகூட விழவில்லை.

பென்னோ திரும்பி வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றான். எப்படி நடந்தது என்று அவன் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எந்தப் பேருக்கு நகர்ந்துச்சு?"

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். "டீ குடிக்க வான்னு அவரக் கூப்பிட்டேன். ஆல்வின்னு கூப்பிட்டேன். நகந்துருச்சு."

"ஆல்வின்னா?"

"ஆமா."

அவன் உட்கார்ந்து அழுதான். நடுவில் ஒரு நிம்மதிப் பெருமூச்சும் விட்டான், அவள் கேட்டாள்.

தேவாலயத்தில் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். மிஸஸ் பேட்டன் கேக் கொண்டுவந்தாள், நீல கவுனைப் பற்றிப் பேசவில்லை. எல்சி அழுதாள், அது நிஜமான அழுகைதான். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. கழுத்துப் புண் ஆறத் தொடங்கியது. செய்ததற்கு நரகம் என்றால் அதற்கு இன்னும் வெகு காலம் இருக்கிறது, முதலில் வயசாகட்டும், தலை நரைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு இயந்திரம் பெயரோடு முதல் சுற்றுப் போவதைப் பார்க்க ஊர் கூடுவது அவர்கள் வழக்கம். நிற்கிற கதிர் இன்னும் பாதி வயலுக்கு இருந்தது. கழுவித் துடைத்து, கிரீஸ் போட்டு, எட்டையும் பூட்டியிருந்தார்கள். செல்மா பிடிவாதமாகத் தானே வெள்ளைச் சாயத்தை எடுத்து, தானியப் பெட்டியின் பக்கவாட்டில், கோணாமல், தம்பியின் பெயரை எழுதினாள். ஆண்கள் கறுப்புக் கோட்டோடு வெயிலில் வரிசையாக நின்றார்கள். இறந்தவரின் நெருங்கின உறவு முதலில் போய்ச் சீப்பில் கை வைக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து தொடுவார்கள். இனி பயமில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

எல்சி போனாள். நிமிர்ந்த தலையோடுதான் போனாள். சீப்பின் எதிரே நின்று உள்ளங்கையை இரும்பில் வைத்தாள். வெயிலில் சூடேறி வெதுவெதுப்பாக இருந்தது. நன்றாகத்தான் கழுவியிருந்தார்கள்.

பென்னோ இருக்கையில் ஏறி வாரைக் கையில் எடுத்தான். "கைய எடுத்துட்டுக் கொஞ்சம் ஒதுங்கிக்கங்க அண்ணி," என்றவன், தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டான்.

"ஆல்வின்!"

அவள் இன்னும் ஒதுங்கவில்லை. குதிரைகளும் நகரவில்லை.

"ஆல்வின்! ஹே, ஆல்வின்!"

ஓர் ஈ பிளாசத்தின் கண்ணோரம் உட்கார்ந்தது. பிளாசம் இமைக்கவில்லை. யாரோ இருமினார்கள். இன்னொரு முறை கூப்பிட்டான், உடைந்த குரலில், அண்ணனையே கூப்பிடுவதுபோல. ஒன்றுமில்லை.

கூட்டம் எல்சியைப் பார்த்தது. மெதுவாக, ஒவ்வொரு முகமாகத் திரும்பியது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

பென்னோ யாரையும் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தான். உதட்டை அசைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு மெல்ல.

"எல்சி."

ஓர் எட்டு. ஒரே ஓர் எட்டு வைத்துக் குதிரைகள் நின்றன. சீப்பின் நுனிகள் அவள் பாவாடையை அழுத்தின.

பின்வாங்க வேண்டும். கால் வரவில்லை. கழுத்தைச் சுற்றி எரிந்தது. அவள் உடம்பு முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது, மேட்டில் வண்டி இழுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக.

"அப்ப அண்ணன் செத்தது..." என்றான் பென்னோ. முடிக்கவில்லை.

"கணக்குல வராது," என்றாள் செல்மா. அழவில்லை. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு தானியப் பெட்டிக்குப் போனாள். சாயம் இன்னும் காயவில்லை. தம்பியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தாள், மேஜை துடைக்கிற மாதிரி, ஓரம்வரை சுத்தமாக.

எல்சி கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். யாரும் ஓடி வரவில்லை. ஆண்கள், இப்போதுதான் போட்டுக்கொண்ட தொப்பிகளை மறுபடி கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். மிஸஸ் பேட்டன் தங்கையின் கையைப் பிடித்து இரண்டு எட்டு பின்னால் இழுத்துக்கொண்டாள், உடுப்பில் எதுவும் தெறித்துவிடக் கூடாது என்று.

எல்சி குனிந்து பார்த்தாள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை சீப்புக்குள் போயிருந்தன. அவள் வைக்கவில்லை.

உள்ளே இருட்டாக இருந்தது. கிரீஸ் மணத்தது.

இருக்கையில் பென்னோ வாரைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.